மிக்ஸிங் பிளக்இன் வாங்கும்போது தரம், விலை, இடைமுகம்: எதை முதலில் பார்ப்பது?

கையில் 200 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது, வீட்டில் ரீப்பரில் (பாட்டுப் பதிவு மென்பொருள்) பாட்டு மிக்ஸ் செய்கிறேன், அதோடு சேர்க்கும் பிளக்இன் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்) வாங்க ஒலித்தரமா விலையா இடைமுகமா (திரையில் தெரியும் குமிழ், வரைபடம்), எதற்கு முதலிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் பக்திப் பாடல்களும் சின்னக் கச்சேரிப் பதிவுகளும் மிக்ஸ் செய்கிறவன்தான். என் பதில்: அது பிளக்இன் வகைக்கு வகை மாறும். ஈக்யூவுக்கு (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) இடைமுகம், ரிவெர்புக்கு (எதிரொலி சேர்ப்பது) ஒலி. கம்ப்ரசருக்கு (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) முதலில் காசே செலவழிக்க வேண்டாம்.

ஈக்யூவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சாதாரண டிஜிட்டல் ஈக்யூவில் 'எங்கள் ஒலியே தனி' என்று யார் சொன்னாலும் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு டிராக்கைப் பிரதி எடுத்து, ஒன்றில் ரீப்பரோடு வரும் ரீஈக்யூ, இன்னொன்றில் விலை கூடிய ஈக்யூ, இரண்டிலும் ஒரே வளைவு (எண்ணை நம்பாதீர்கள், ரீஈக்யூ அகலத்தை ஆக்டேவில் அளக்கிறது, மற்றவை பெரும்பாலும் க்யூ என்ற எண்ணில், அதனால் வளைவைப் பார்த்துப் பொருத்துங்கள்), அப்புறம் ஒன்றின் ஃபேஸைத் திருப்பிவிட்டு (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். வளைவு சரியாகப் பொருந்தியிருந்தால் கீழும் நடுவும் கிட்டத்தட்ட மௌனமாகிவிடும், அதாவது அங்கே இரண்டின் ஒலியும் ஒன்றுதான். மேல் முனையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் கேட்கலாம், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சில ஈக்யூக்களின் வளைவு அங்கே நசுங்கும்.

அப்படியானால் ஃபேப்ஃபில்டர் ப்ரோ-க்யூ என்ற விலை கூடிய ஈக்யூவுக்கு ஏன் இவ்வளவு பேர் பணம் கொடுக்கிறார்கள்? கையின் வசதிக்காகத்தான். சிமெண்ட் சுவர், டைல் தரை உள்ள அறையில் பதிவுசெய்த மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) அடி ஒவ்வொன்றும் 'கும்' என்று நீண்டு பாடகரின் குரலுக்குள் புகுந்துவிடும். ப்ரோ-க்யூவில் ஒரு புள்ளி வைத்து, அதன் ஹெட்போன் குறியை அழுத்திப் பிடித்து இடம் வலமாக இழுத்தால் அந்தப் பகுதி மட்டும் தனியாகக் கேட்கும். எங்கே கும்முகிறதோ அங்கே நிறுத்தி 3 டெசிபல் இறக்கினால் வேலை முடிந்தது. இதே முடிவை ரீஈக்யூவிலும் எடுக்கலாம், ஆனால் தேட நேரமாகும், அதற்குள் காது களைத்துவிடும், களைத்த காது எடுக்கும் முடிவு எதுவும் உருப்படாது. அதனால்தான் நல்ல இடைமுகத்தையும் நான் தரத்தின் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

ஆனால் அதன் விலை 150 அமெரிக்க டாலருக்கு மேல். வெள்ளிக்கு மாற்றி, பொருள் சேவை வரி 9 சதவிகிதமும் சேர்த்தால் (வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் 2020-இலிருந்து அந்த வரி உண்டு, பல தளங்களில் கடைசிப் பக்கத்தில்தான் கண்ணில் படும்) உங்கள் 200 அங்கேயே காலி. டிடிஆர் நோவா என்ற ஈக்யூ இலவசம். நான்கு பேண்டும் (ஒலிப் பகுதியும்) டைனமிக்காக, அதாவது சத்தம் எழும்போது மட்டும், வேலை செய்யும், கூடவே கீழ், மேல் முனைகளை வெட்டும் ஹைபாஸ், லோபாஸ். தொப்பி அதிரும் கணத்தில் மட்டும் இறக்க வேண்டுமென்றால் அதுவே செய்துவிடும்.

கம்ப்ரசரில் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரசர் பெட்டியில் முக்கியமான குமிழ் இரண்டுதான், அந்த எளிமை குரலுக்கு உண்மையிலேயே உதவுகிறது. அதைக் காப்பியடித்த பிளக்இன்களில் சிலவற்றில் துருப்பிடித்த ஸ்க்ரூ வரை வரைந்திருப்பார்கள், எண்களோ 13 அங்குல மடிக்கணினியில் படிக்கவே முடியாத அளவுக்குப் பொடியாக இருக்கும், ஜன்னலைப் பெரிதாக்கவும் வழியிருக்காது. வாங்குவதற்கு முன் அவுட்புட்டைக் குறைத்து, பிளக்இன் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி செய்துவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். 1 டெசிபல் கூடினாலே எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

ரிவெர்பில் காசு பேசும். வால்ஹாலா விண்டேஜ்வெர்ப் 50 அமெரிக்க டாலர், தட்டையான, படிக்கத் தெளிவான திரை, வயலினின் பின்னால் அது விடும் எதிரொலி வால் இன்னும் எனக்கு அலுக்கவில்லை. காசு கொடுக்காமல் பழக அவர்களுடைய சூப்பர்மாசிவ் இருக்கிறது. ஏர்விண்டோஸ் என்று இன்னொன்று, முழுக்க இலவசம், படமே கிடையாது, வெறும் ஸ்லைடர்கள். ஒலி அருமை, ஆனால் மீட்டர் இல்லாமல் அவசர வேலைக்கு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

விலை என்றால் வாங்கும் நாளின் விலை மட்டுமில்லை. 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற பிளக்இன் நிறுவனம் திடீரென்று சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பழைய விற்பனையையும் திரும்பக் கொண்டுவந்தது. அப்டேட்டுக்குத் தனியாகப் பணமா, லைசென்ஸை வேறு கணினிக்கு மாற்றலாமா, இவற்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நோவா, ரீப்பரின் சொந்தக் கம்ப்ரசர், விண்டேஜ்வெர்ப், இவ்வளவுதான். மிச்ச வெள்ளி நல்ல ஹெட்போனுக்கு, இரவில் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே. ப்ரோ-க்யூவுக்கு 30 நாள் முழு டெமோ உண்டு, அதில் ஒரு பாட்டை முழுதாக முடித்துப் பாருங்கள். நோவாவுக்குத் திரும்பியதும் கை அதையே தேடினால் நவம்பர் தள்ளுபடி வரை காத்திருந்து வாங்கலாம்.