அவர் போன பிறகு நான் சிரிக்கலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் தவறிவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை, எட்டு கிலோ இளைத்துவிட்டேன். தெரிந்தவர் கொடுத்த தூக்க மாத்திரையைத் தினமும் போடுகிறேன். நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது. பேத்தி காதுகுத்தில் ஏதோ பேச்சுக்குச் சிரித்துவிட்டு, அன்று இரவெல்லாம் அழுதேன். துக்கத்தில் ஐந்து கட்டம் உண்டு என்று மகள் செல்போனில் காட்டினாள். நான் எதில் இருக்கிறேன்? நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். துணையை இழந்த பலருக்கும் இந்த எண்ணம் வந்து போகும். ஆனால் எப்படிப் போவது என்று மனம் யோசிக்கத் தொடங்கினால், அன்றைக்கே மகளிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். நடுராத்திரி என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் மீதி இருந்தால், இன்றைக்கே மருமகனை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அந்த மாதிரி வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அப்போது கைக்கெட்டும் இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்தது எடை. 'பாவம், கவலையில் இளைத்துப்போனாள்' என்று ஊரே சொல்லும், யாரும் பரிசோதனைக்கு அழைத்துப் போக மாட்டார்கள். 58 வயதில் எட்டு கிலோ குறைந்ததைக் கவலைக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு, நெஞ்சு எக்ஸ்ரே இவற்றையாவது பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் மேற்கொண்டு என்ன பார்ப்பது என்று டாக்டர் சொல்வார்.

தூக்க மாத்திரையைத் தெரிந்தவர் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வகை மாத்திரைகளில் பல பழக்கமாகிவிடும். இரவில் எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அட்டையோடு டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

விடியுமுன் விழிப்பு, பசியின்மை, வாழப் பிடிக்காமை எல்லாம் சேர்ந்து வரும்போது, துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு என்று அவர் சொன்னால் மருந்து உண்டு. அது தூக்க மாத்திரை இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், நாலு நாளில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டு மாதத் துக்கம் நோயா என்றால், அதில் மருத்துவ உலகுக்கே ஒரே கருத்து இல்லை. விடாத துக்கத்தை நோய் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதமாவது ஆகட்டும் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு வருஷம் ஆகட்டும் என்கிறார்கள். நாள் கணக்கை விட, நீங்கள் எப்படி உண்கிறீர்கள், எப்படி உறங்குகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த ஐந்து கட்டத்தை விட்டுவிடுங்கள். 1969-இல் அதைச் சொன்ன மருத்துவர், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் சொன்னார். உயிரோடு இருப்பவர்கள் வரிசையாக ஏறியே ஆக வேண்டிய படிகள் இல்லை அவை. 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இழந்தவரை நினைத்து உருகுவதும், அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும், அப்படி நடப்பதுதான் ஆரோக்கியம் என்றார்கள். உங்கள் ஊரில் முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுகிற மாதிரி. காதுகுத்தில் சிரித்ததும் இரவில் அழுததும் அந்த முறைதான். அவருக்கு நீங்கள் எந்தத் துரோகமும் செய்யவில்லை.

காதுகுத்தில் உங்களை மனையருகே உட்கார வைத்தார்களா, ஒதுங்கி நிற்கச் சொன்னார்களா என்று எழுதவில்லை. ஒதுக்கியிருந்தால், மகள் இதைப் படிக்கட்டும்: துக்கத்தில் இருப்பவரை நல்ல காரியத்திலிருந்து தள்ளி வைப்பது, ஏற்கெனவே தனியாகிப் போனவரை இன்னும் தனியாக்குகிற வேலை. பாட்டி மடியில் வைத்தே காது குத்தலாம்.

நிலத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டிருக்கிறீர்கள், சரி, சொல்கிறேன். முதல் வருஷத்தில் திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் எடுக்காதீர்கள். குறுவையைப் பார்த்துக்கொள்ள முடியாதென்றால் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் யாரிடமாவது விடுங்கள். சம்பாவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். எது எப்படியானாலும் காலையில் வெயில் ஏறுமுன் வரப்பு வரை நடந்துவிட்டு வாருங்கள். 'மனசு வந்தால் போகிறேன்' என்று காத்திருந்தால் வராது. மனச்சோர்வில் கால்தான் முதலில் கிளம்ப வேண்டும், மனசு பின்னால்தான் வரும். நடவு ஆட்களுக்குக் கூலி எவ்வளவு, விதைநெல் எங்கே எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அவர் பார்த்த கணக்கு நோட்டு இருந்தால் மகளை உடன் வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். தனியாக வேண்டாம், இப்போதைக்கு.

இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு, போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.