ஜிம்மில் எவ்வளவு நேரம், வாரம் எத்தனை நாள்? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

படிவம் 5 மாணவன்: அண்ணே, தினமும் ரெண்டு மணி நேரம் மார்பும் கையும்தான் அடிக்கிறேன். மூணு மாசமா தூக்குற வெயிட் ஏறவே இல்ல. இன்னும் அரை மணி கூட்டவா?

கூட்டாதே தம்பி, குறை. கடிகாரத்தை விட்டுவிட்டுச் செட்டை எண்ணு. ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், இடையில் நிறுத்தாமல் செய்யும் ரெப்புகள் சேர்ந்தால் ஒரு செட். ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 கடினமான செட் போதும். புதுசுக்கு 10 தாராளம். இன்னும் இரண்டு ரெப்தான் வரும் என்ற இடத்தில் நிறுத்தினால் அது கடினமான செட். பயிற்சி முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் வரை தசை தன்னைக் கட்டிக்கொள்ளும். நீ மறுநாளே அதே மார்பை அடிப்பதால் களைத்த தசையோடு பாதி வெயிட்டில் ஒப்பேற்றுகிறாய்.

திங்கள், வியாழன் மேல் உடம்பு. செவ்வாய், வெள்ளி கால். மேல் உடம்புக்கு பெஞ்ச் பிரஸ் 3 செட், ரோ 3, இன்க்லைன் டம்பெல் 2, லேட் புல்டவுன் 3, பைசெப்ஸ் 2, டிரைசெப்ஸ் 2. மொத்தம் 15. பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு முதல் மூன்று நிமிடம் ஓய்வு, கைக்கு ஒன்றரை நிமிடம். வார்ம் அப் சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும். இப்படி வாரம் இரண்டு முறை செய்தால், பெஞ்சும் இன்க்லைனும் சேர்ந்து மார்புக்கு 10, ரோவும் புல்டவுனும் சேர்ந்து முதுகுக்கு 12 செட் ஆகிவிடும். வெயிட்டையும் ரெப்பையும் நோட்டில் எழுது. எழுதாதவனுக்கு ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

செம்பனைக் குலை வெட்டுபவர்: தம்பி, காலை ஏழு மணியில இருந்து மதியம் வரைக்கும் குலை வெட்டு, அப்புறம் சாயங்காலம் ஜிம். தோள்பட்டை எப்பவும் இறுக்கமா இருக்கு. தோட்ட வேலையையும் பயிற்சிக் கணக்குல சேர்க்கணுமா?

நல்ல கேள்வி அண்ணே. தசை வளர்க்கும் செட்டாகச் சேர்க்க வேண்டாம், களைப்புக் கணக்கில் கட்டாயம் சேருங்கள். நீளமான கம்பை அண்ணாந்து பிடித்து இழுக்கும்போது முன்கை, தோள், பிடரி மூன்றும் மணிக்கணக்கில் வேலை செய்கின்றன. வெட்டிய குலை 15, 20 கிலோ இருக்கும். அதைக் குனிந்து தூக்கிக் கைவண்டியில் போடுவது முழுக்க இடுப்பின் மீது விழும். ஆனால் எந்த அசைவும் செட்டைப் போலத் தோல்வியின் பக்கம், அதாவது இனி ஒரு ரெப்கூட வராது என்ற நிலையின் பக்கம், போவதில்லை, எடையும் வாரா வாரம் ஏறுவதில்லை. அதனால் வளர்ச்சி கொஞ்சம், தேய்மானம் நிறைய.

மார்புக்கும் முன்தொடைக்கும் தோட்டம் அதிகம் கொடுப்பதில்லை, அங்கே முழு அளவு செய்யுங்கள். முதுகுக்கும் கைப்பிடிக்கும் பாதியாக்குங்கள். குனிந்து செய்யும் பார்பெல் ரோவை விட்டுவிட்டு, நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்துச் செய்யும் ரோ. லேட் புல்டவுனுக்கு மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டுங்கள், முன்கைக்கு அன்றைக்கு வேலை போதும். தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ் வேலை நாளில் வேண்டாம், பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸ் 3 செட் போதும். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் வாரம் ஒரே தடவை, வேலை இல்லாத நாள் காலையில், 2 செட். வாரத்துக்கு மூன்று முழு உடம்புப் பயிற்சி, ஒவ்வொன்றும் 12 செட், 50 நிமிடம். குலை அதிகம் விழும் மாதங்களில் செட்டைப் பாதியாக்குங்கள், வெயிட்டைக் குறைக்காதீர்கள். செட் குறைந்தாலும் அதே கனம் இருந்தால் இருக்கிற தசை நிற்கும்.

வெயிலில் வேலை செய்துவிட்டு வெறும் வயிற்றோடு, தண்ணீர் குடிக்காமல் ஜிம்முக்குப் போகாதீர்கள். சிறுநீர் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால், தசை கடுமையாக வீங்கி வலித்தால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறியாக இருக்கலாம். ஜிம் கிடக்கட்டும், நேரே மருத்துவமனை.

டீச்சர்: ஓய்வு வாரம் எப்போது எடுக்க வேண்டும்?

அதே வெயிட்டில் இரண்டு பயிற்சி தொடர்ந்து ரெப் குறைந்தால், கூடவே தூக்கமும் கெட்டால். ஒரு வாரம் செட்டைப் பாதியாக்குங்கள் டீச்சர். பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். நோட்டு சொல்லிவிடும்.

மெண்ட்சர் பக்தர்: மாஸ்டர், மைக் மெண்ட்சர் ஒரே செட், தோல்வி வரைக்கும், போதும்னாரு. 15 செட்லாம் நேர விரயம்.

மெண்ட்சர் 1979 மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியில் கனரகப் பிரிவை முழு மதிப்பெண்ணோடு வென்றவர், மறுக்கவில்லை. அவர் வழியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்ட டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை ஆறு முறை பட்டம் எடுத்தார். ஆனால் யேட்ஸின் 'ஒரு செட்'டுக்கு முன்னால் கனமான வார்ம் அப் செட்டுகள் இருந்தன, வாரம் நாலு நாள் பயிற்சியும் இருந்தது. நேரமே இல்லாதவனுக்கு ஒரு செட் நல்லது. மற்றவனுக்கு இன்னும் சில செட் இன்னும் கொஞ்சம் தரும்.

அர்னால்ட் ரசிகர்: அப்படிக் கேளுங்க! அர்னால்ட் வாரத்துக்கு ஆறு நாள் அடிச்சாரு. ஏழு பட்டம்!

ஸ்டீராய்டு எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மருந்து இருந்தால் உடம்பு மீளும் வேகமே வேறு. அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

மெண்ட்சர் பக்தர்: ஒரு மணி நேரம் தாண்டினா கார்டிசால் ஹார்மோன் ஏறித் தசையைத் தின்னுடுமே?

தின்னாது. பயிற்சியின்போது ஏறி இறங்கும் ஹார்மோனை வைத்து வளர்ச்சியைக் கணிக்க முடியாது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கெடுவது செட்டின் தரம். பதினெட்டாவது செட்டில் முதுகு வளைகிறதா, முழங்கை விரிகிறதா என்று பாருங்கள்.

அர்னால்ட் ரசிகர்: அப்போ ரெண்டு மணி நேரம் போகலாம்னு சொல்றீங்க!

அப்படிச் சொல்லவில்லை.

ஆலை ஷிப்ட்காரர்: நைட் ஷிப்ட் முடிஞ்சதும் நேரா ஜிம் போகலாமா?

முதலில் தூங்குங்கள். அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரம். எழுந்து பசியாறிவிட்டு, ஷிப்டுக்கு முன்னால் பயிற்சி. ஷிப்ட் மாறும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும்.

கேள்வி: புரோட்டீன் எவ்வளவு வேணும்?

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 70 கிலோ ஆளுக்கு 112. ஒரு முட்டையில் 6தான் இருக்கிறது. நாசி லெமாக் மேலே இருக்கும் அரை முட்டையைக் கணக்குக் காட்டாதீர்கள். கோழி, தெம்பே, டின் மீன் பாருங்கள்.

கேள்வி: மறுநாள் வலிக்கலன்னா வேலை செய்யலன்னு அர்த்தமா?

இல்லை. வலி புதுப் பழக்கத்துக்கு வருவது.

கேள்வி: தினமும் கை அடிக்கலாமா?

முதல் பதில்.

கேள்வி: டெட்லிஃப்ட் செஞ்சா காலில் மரமரப்பு வருது.

நிறுத்துங்கள். மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: மாஸ்டர், தினமும் வயிறு மட்டும் அடிக்கலாமா?

வயிறும் தசைதான். முதல் பதில்.

மெண்ட்சர் பக்தர்: ஒரு செட்டா, மூணு செட்டா, முடிவா சொல்லுங்க.

உங்கள் நோட்டைக் கேளுங்கள். இன்றைக்கு பெஞ்சில் 60 கிலோ எத்தனை ரெப் வருகிறது என்று எழுதுங்கள். எட்டு வாரம் ஒரு செட், பிறகு எட்டு வாரம் மூன்று செட். தூக்கமும் சாப்பாடும் மாறக்கூடாது. ஒவ்வொரு எட்டு வாரம் முடிந்ததும் அதே 60 கிலோ எண்ணை இங்கே போடுங்கள். எண் இல்லாமல் வந்தால் பதில் கிடையாது. அர்னால்ட் ரசிகருக்கும் சேர்த்துத்தான்.