தூதர் புகைத்தால் நீக்கிவிடலாமா?
வணக்கம் சகோதரி. உங்கள் இதயநல அமைப்பின் விளம்பரத் தூதர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் சிகரெட்டோடு இருக்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் தலைவர் அவரிடம் தனியாகப் பேசட்டும். நிகோடினுக்கு அடிமையாவது ஒரு நோய். என் அப்பா மூன்று முறை விட்டுவிட்டு மறுபடி தொட்டவர், அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் உணவகத்தில் புகைப்பது மலேசியாவில் 2019 முதல் குற்றம். அதற்கு அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். அரசாங்க கிளினிக்குகளில் புகைப்பதை விட உதவும் எம்குவிட் சேவை இருக்கிறது, போகச் சம்மதித்தால் அவரைத் தூதராகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒப்பந்தத்தில் பொது இடத்து நடத்தையை மட்டும் எழுதுங்கள், மருத்துவ அறிக்கை கேட்காதீர்கள். சிகரெட், வேப் நிறுவனத்திடம் பணம் வாங்கியிருந்தால் மட்டும் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.