படத்தில் செங்கோணம், கணக்கில் இல்லை

தேர்வில் கேட்டது, பக்கங்கள் 7, 24, 26 உள்ள முக்கோணத்தின் பரப்பளவு. படத்தில் 7-க்கும் 24-க்கும் நடுவே செங்கோணம் போலத் தெரிந்ததால் பரப்பளவு 84 என்று எழுதினீர்கள், மதிப்பெண் போய்விட்டது. திருத்தியவர் செய்தது சரிதான். செங்கோணம் என்றால் இரு சிறிய பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பெரிய பக்கத்தின் வர்க்கம் வர வேண்டும். இங்கே 49 + 576 = 625, ஆனால் 26-இன் வர்க்கம் 676. அதனால் அந்தக் கோணம் விரிகோணம், சுமார் 98.7 பாகை. மூன்று பக்க நீளங்களை வைத்தே பரப்பளவு காணும் ஹெரான் சூத்திரத்தில் போட்டால் பரப்பளவு ஏறக்குறைய 83.03 வரும். செங்கோண முக்கோணம் தரும் 7, 24, 25 என்ற மூன்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்களைப் பிடிக்கவே 26 போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கொஞ்சம் குறும்புதான்.

செங்கோணத்துக்குச் சிறு சதுரக் குறி, சம பக்கங்களுக்குக் கோட்டுக் குறி, இணைகோடுகளுக்கு அம்புக்குறி. இவை இல்லாமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து நீளமோ கோணமோ எடுக்காதீர்கள். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ (GRE) தேர்வில் வடிவியல் படங்கள் அளவுப்படி இருக்க வேண்டியதில்லை என்று விதியிலேயே உண்டு. ஆனால் நேராகத் தெரியும் கோடு நேர்கோடுதான், அதன்மேல் புள்ளிகள் இருக்கும் வரிசையும் சரி. ஆயத்தொலைத் தளம், எண்கோடு, தரவு வரைபடங்கள் போன்றவை அளவுப்படி இருக்கும்.

சந்தேகம் வந்தால் அதே படத்தை வேண்டுமென்றே கோணலாக, ஆனால் கொடுத்த தகவல் மாறாமல், மறுபடி வரையுங்கள். நீங்கள் நம்பிய விஷயம் அதில் உடைந்தால் அது நிரூபிக்கப்படாத விஷயம்.

அப்புறம், வினாத்தாளில் ‘படம் அளவுப்படி இல்லை’ என்ற வரி இருந்ததா? இல்லையென்றால் மதிப்பெண் கிடைக்காவிட்டாலும் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அடுத்த தாளிலாவது சேர்க்கட்டும்.