வாசகர் கேள்வி: ஜப்பான்காரன் காலத்துக் குண்டுகள்

1941-இல் குண்டுவீச்சில் ஜார்ஜ்டவுனில் அத்தனை பேர் இறந்தது ஏன்? சரியான எண்ணிக்கை என்ன?
– ஆயிர் ஈத்தாம் வாசகர்

டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ஒளிய வேண்டிய மக்கள் வேடிக்கை பார்க்கத் தெருவில் இறங்கினார்கள். வெள்ளைக்காரன் விமானம் என்றே பலர் எண்ணினார்கள். பினாங்குத் தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. அதனால் குண்டு போட்டதோடு நிற்காமல், கூட்டத்தை எந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள்.

தரையில் வெடிக்கும் குண்டின் சில்லுகள் பெரும்பாலும் பக்கவாட்டில், நிற்பவரின் வயிறு, மார்பு உயரத்தில் பாயும். குப்புறப் படுத்தவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். மார்பளவு ஆழம், இரண்டடி அகலத்தில் பதுங்குகுழி இருந்திருந்தால் இன்னும் நல்லது. அதையும் வளைத்து வளைத்துத்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒரு முனையில் விழும் குண்டு மறுமுனையில் இருப்பவரையும் அடிக்கும். கடைவீட்டு அஞ்சடியில் (கூரையிட்ட முன்நடைபாதையில்) ஒதுங்கியவர்களுக்குச் செங்கல் சுவரே எமன். மரத்தளம் எரியத் தொடங்கினால் அணைக்க ஆள் வேண்டுமே! பீச் ஸ்திரீட் தீயணைப்பு நிலையத்திலும் குண்டு விழுந்தது.

எண்ணிக்கை சில நூறு முதல் 2,000 வரை சொல்லப்படுகிறது. உடல்கள் இடிபாட்டில் கிடந்தன, ஊர் சிதறியது, வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். பதிவேடு யார் எழுதுவது? மேலும் குண்டு விழாதிருக்க, கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்த வெள்ளைக்காரன் கொடியை இறக்கி, இங்கே படை இல்லை என்று வானொலியில் அறிவித்தவர் பத்திரிகை ஆசிரியர் எம். சரவணமுத்து. சிங்கப்பூரிலிருந்த வெள்ளைக்காரத் தளபதிகளைவிட அவர் செய்தது பெரிது என்பேன்.

செந்தூலில் குண்டு போட்டது யார்?
– கோலாலம்பூர் வாசகர்

நேச நாட்டு பி-29 விமானங்கள். இலக்கு, ஜப்பானியர் வசமிருந்த ரயில் பணிமனை. முதல் தாக்குதல் 1945 பிப்ரவரி 19. மார்ச் 10-இல் சிலாங்கூர் அருங்காட்சியகமும் அடிபட்டது. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து போடும் குண்டைக் காற்று தள்ளி, இலக்கு தவறச் செய்துவிடும்.

வீடு கட்டத் தோண்டும்போது பழைய குண்டு அகப்பட்டால்?
– பட்டர்வொர்த் வாசகர்

துருப்பிடித்த எரிவாயுத் தோம்பு போலத் தெரியலாம். எண்பது வருடமானாலும் மருந்து சாகாது. ஜப்பானியர் பயன்படுத்திய பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும் உப்பாக மாறும். எனவே தட்டாதீர்கள், கழுவாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குத் தூக்காதீர்கள். தோண்டும் இயந்திரத்தை அப்படியே நிறுத்தி, ஆட்களை விலக்கி, எட்டப் போய் 999-ஐ அழையுங்கள். மண்ணள்ளி குண்டின்மேல் பட்டு நின்றால் அதையும் தூக்க வேண்டாம். போலீஸ் வெடிகுண்டுப் பிரிவு வந்து பார்க்கட்டும்.