மான்ஸ்டர் என்ற சொல்லின் பூர்வீகம்

கேள்வி: ஆங்கிலத்தில் அச்சமூட்டும் உருவம் எதுவானாலும் ‘மான்ஸ்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அரக்கன், பூதம், பேய் ஆகியவற்றுள் எதை அதற்கு நேரான சொல்லாகக் கொள்வது? அது எங்கிருந்து வந்தது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இன்றைய வழக்கில் அரக்கன் என்றோ பூதம் என்றோ இடத்துக்கேற்ப எழுதிக்கொள்ளலாம். ஆனால் அச்சொல் பிறந்த காலத்துப் பொருளைக் கருதினால் இம்மூன்றும் பொருந்தா. கேடு வரப்போவதை அறிவிக்கும் தீநிமித்தத்தை ‘உற்பாதம்’ என்று நம் முன்னோர் சொன்னதே அதற்கு மிக அருகில் வருகிறது.

அதன் மூலம் ‘மான்ஸ்ட்ரும்’ என்னும் இலத்தீன் சொல். எச்சரித்தல், நினைவூட்டல் என்று பொருள்படும் ‘மோனேரே’ என்னும் வினையிலிருந்து அது வந்தது. இயற்கைக்கு மாறாக ஏதேனும் தோன்றினால், தெய்வங்கள் சினம் கொண்டிருக்கின்றன என்பதற்கு அதை அடையாளமாக உரோமானியர் எடுத்துக்கொண்டனர். ஆகவே மான்ஸ்ட்ரும் என்பது முதலில் ஒரு பிராணியன்று, ஒரு செய்தி.

அந்தச் செய்தியை அவர்கள் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு லிவி எழுதிய உரோம வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. கி.மு. 207-இல், உரோமின் பகைவனான கார்த்தேஜ் படைத்தலைவன் ஹானிபல் இத்தாலிக்குள் இருந்துகொண்டு போர் நடத்திய நாட்களில், ஃப்ருசினோ என்னும் ஊரில் நான்கு வயதுப் பிள்ளையின் பருமனோடு, ஆணா பெண்ணா என்று தெளியாத நிலையில் ஒரு குழந்தை பிறந்தது. நிமித்தம் பார்க்க இத்தாலியின் எட்ரூரியாப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள், அது உரோம மண்ணைத் தொடாதபடி கடலில் அமிழ்த்தப்பட வேண்டும் என்றார்கள். அவ்வாறே குழந்தையை உயிரோடு ஒரு பெட்டியில் அடைத்துக் கடலுக்குக் கொண்டுபோய் எறிந்தனர். பிறகு 27 கன்னிப்பெண்கள் நகரெங்கும் பாடிச்செல்ல வேண்டுமென்று குருமார்கள் ஆணையிட்டார்கள். இதில் யார் கொடிய உருவம் என்று இன்று படிப்பவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார், ‘காட்டுதல்’ என்னும் பொருளுடைய ‘மான்ஸ்ட்ராரே’ என்ற வினையிலிருந்து மான்ஸ்ட்ரும் வந்ததாக எழுதினார். உண்மையில் உறவு தலைகீழானது. அந்த வினைதான் மான்ஸ்ட்ருமிலிருந்து பிறந்தது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் முடிவு. சொல்லாராய்ச்சியில் இடறினாலும், அகுஸ்தீனார் வேறொன்றைத் தெளிவாகச் சொன்னார்: எவ்வளவு விந்தையான உடலோடு பிறந்தாலும், பகுத்தறிவுள்ள மனிதப் பிறவியாயின் அவனும் ஆதாமின் வழிவந்தவனே.

பழைய பிரெஞ்சின் வழியாகப் பதினான்காம் நூற்றாண்டளவில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. எச்சரிக்கைப் பொருள் நாளடைவில் தேய்ந்து, கதைகளில் வரும் கோர உருவங்களையும், பேருருவம் கொண்டவற்றையும், ஈவிரக்கமற்ற மனிதரையும் அது குறிக்கலாயிற்று. மருத்துவ நூல்கள் மட்டும் பழைய பிடியை எளிதில் விடவில்லை. ஒட்டிப்பிறந்த குழந்தைகளை இருபதாம் நூற்றாண்டிலும் மான்ஸ்டர் என்றே எழுதிவந்தன. பிறவிக் கோளாறுகளை ஆராயும் துறைக்குப் பெயராக நிலைத்த ‘டெரட்டாலஜி’யும் இதே பொருள்வட்டத்தைச் சேர்ந்ததே, அதன் கிரேக்க மூலமான ‘தெராஸ்’ தீநிமித்தம், கோர உருவம் ஆகிய இரண்டையும் குறித்தது.

கேள்வி: அப்படியானால் ‘டெமான்ஸ்ட்ரேஷன்’, ‘மானிட்டர்’ ஆகியவையும் இதற்கு உறவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உறவுதான். செய்துகாட்டுதலைக் குறிக்கும் டெமான்ஸ்ட்ரேஷன், மான்ஸ்ட்ராரேயின் வழியில் வந்தது. கத்தோலிக்க ஆலயங்களில் நற்கருணை அப்பத்தை மக்கள் காணும்படி நடுவில் வைத்து, சுற்றிலும் பொற்கதிர்கள் விரிந்திருக்கும் கலத்தைத் தமிழில் ‘கதிர்ப்பாத்திரம்’ என்கிறோம். அதன் ஆங்கிலப் பெயர் ‘மான்ஸ்ட்ரன்ஸ்’. அஞ்சத்தக்க உருவமும் வணங்கத்தக்க கலமும் ஒரே வேரில் பெயர் பெற்றிருப்பது சொல்வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

மானிட்டர் என்பது மோனேரேயிலிருந்து நேராகவே வந்தது. ‘எச்சரிப்பவர்’ என்பதே அதன் பொருள். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் மாணவருக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. உடும்பையும் ஆங்கிலேயர் ‘மானிட்டர்’ பல்லி என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: உடும்புக்கு அரபியில் வழங்கும் ‘வரல்’ அல்லது ‘வரன்’ என்ற பெயர், எச்சரித்தலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லைப்போல் ஒலித்ததால், அதையே இலத்தீனாக்கி மானிட்டர் என்று வைத்துவிட்டார்களாம்.