பீரோவுக்குள் ஒரு மூணு குழல்: வாசகர் கேள்வி – பதில்

பதில் சொல்பவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அம்மாவின் அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருந்தார். போன வருஷம் காலமானார். அவருடைய ஜெர்மன் துப்பாக்கி என்னிடம் வந்திருக்கிறது. மேலே இரண்டு குழல், அடியில் ஒன்று. "எதுக்கும் ஆகாத சாமான், தள்ளி விடு" என்கிறார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்தில் பன்றித் தொல்லை வேறு. வைத்துக்கொள்ளலாமா? – ஏற்காடு வாசகர்

பதில்: தம்பி, துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது? வீட்டு பீரோவில் என்றால் முதல் வேலை அதுதான். தாத்தாவின் லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்துபோனது. உங்கள் பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை அது போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ இருக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் இடமிருக்கிறது. மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். மாமாவும் வாரிசு ஆயிற்றே, காரியம் முடியும்வரை அவரிடம் பணிவாகவே இருங்கள்.

இனி ஆசை விஷயத்துக்கு வருவோம். இந்த வகைக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் டிரில்லிங். ஜெர்மனியில் ஸூல், ஆஸ்திரியாவில் ஃபெர்லாக் என்ற ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். சாவர், மெர்க்கல், கிரீகாஃப் எல்லாம் இதில் பேர்பெற்ற கம்பெனிகள். மேல் குழல் இரண்டும் ரவைத் தோட்டாவுக்கு (சின்னச் சின்ன ஈய மணிகள் நிறைந்தது), அடிக்குழல் உள்ளே புரி, அதாவது சுருள் பள்ளம் போட்ட ரைஃபிள் குழல், ஒற்றைக் குண்டுக்கு. மூன்று குழலுக்கும் சேர்த்து விசை இரண்டுதான். அதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பதில்தான் இதன் அழகே இருக்கிறது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில், பெருவிரல் படும் இடத்தில் ஒரு தள்ளுகட்டை இருக்கும். முன்னே தள்ளினால், குழல்களுக்கு நடுவே படுத்திருக்கும், குறிபார்க்க உதவும் தகடு தானாக எழுந்து நிற்கும். அதே நேரத்தில் முன்விசை வலது ரவைக் குழலை விட்டுவிட்டு அடிக்குழலுக்கு மாறிக்கொள்ளும். பின்னே இழுத்தால் தகடு படுத்துவிடும், விசை பழையபடி ரவைக் குழலுக்கு வந்துவிடும். உள்ளே அரத்தால் ராவி ராவிப் பொருத்திய துண்டு இரும்புகள். என் பட்டறைக்கு இப்படி ஒன்று வந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம் ஊர் இரட்டைக் குழலில் பெருவிரல் படும் இடத்தில் இருப்பது சேஃப்டி. டிரில்லிங்கில் பெரும்பாலும் அது குழல் மாற்றும் கட்டை. சேஃப்டியோ மரக்கட்டையின் இடது பக்கவாட்டில் தனியாக இருக்கும். பழக்க தோஷத்தில் மேலே உள்ளதை இழுத்துவிட்டு, பூட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, பலவற்றில் முன்விசையை முன்பக்கமாகத் தள்ளி வைத்தால் அது மயிரிழை விசை ஆகிவிடும், விரல் பட்டாலே வெடிக்கும். ஆகவே யாரிடம் காட்டினாலும் முதலில் குழலை மடித்து, தோட்டா உட்காரும் மூன்று அறையும் காலிதானா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

இது யாருக்கு உதவும்? ஜெர்மனி பக்கத்து வேட்டைக்காரருக்கு. குத்தகைக்கு எடுத்த ஒரே காட்டுப் பகுதியில் நடப்பார். ஒரே நடையில் முயல் ஓடும், ஃபெசன்ட் கோழி பறக்கும், மானோ பன்றியோ எதிரே நிற்கும். எது வரும் என்று முன்கூட்டியே தெரியாதவருக்கு இதைவிடத் தோதான ஆயுதம் கிடையாது. நம் மலைகளில் துரைமார்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர்கள் போன வழி வேறு. 1885இல் ஃபாஸ்பெரி என்பவர் காப்புரிமை வாங்க, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி செய்து விற்ற 'பேரடாக்ஸ்'. வாய்ப்பக்கம் கடைசி சில அங்குலத்துக்கு மட்டும் புரி போட்ட குழல். ரவையும் போடலாம், குண்டும் போடலாம்.

உங்களுக்கு உதவுமா என்று கேட்டால், உதவாது. பழைய ஜெர்மன் துப்பாக்கிகள் நிறைய 16 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு). நம் கடையில் கேட்டவுடன் கிடைப்பது 12 போர் தோட்டா. 16 போர் எங்கோ கிடைத்தாலும், அந்தக் காலத்து அறை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா 70. உள்ளே போகிறதே என்று போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும். அடிக்குழல் தோட்டா அதைவிடச் சிக்கல். 8 மில்லிமீட்டர் என்று ஒரே பேரில் இரண்டு விட்டத்துக் குண்டுகள் உண்டு, பழைய குழலில் பெரியதைப் போடவே கூடாது. குழலை மடித்து அடிப்பக்க முத்திரைகளைப் பாருங்கள். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் 'நைட்ரோ' என்ற குறி இல்லையென்றால் அது கரிமருந்துக்காகச் சோதித்த குழலாக இருக்கலாம். தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை சுடும் பேச்சே வேண்டாம்.

பன்றியை மறந்துவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும்வரை நீங்களாகச் சுட முடியாது. 2025இல் தமிழக அரசு போட்ட ஆணையும் தோட்டக்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்களே சுடுவார்கள். ஏற்காட்டில் எத்தனை எஸ்டேட் காட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

தாத்தா ஞாபகமாக, லைசென்ஸோடு, சுடாமல் வைத்துக்கொள்வதென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மாமா சொல்வதுபோல் அது தள்ளிவிடுகிற சாமான் இல்லை.

கேள்வி: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதானாமே? அப்படியானால் மூன்று குழல் உள்ளதாகப் பார்த்து வாங்குகிறவன் கெட்டிக்காரன்தானே? – ஆத்தூர் வாசகர்

பதில்: முன்பு மூன்று, இப்போது இரண்டுதான். தாத்தா சொத்தாக வருவதும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். கணக்கில் நீங்கள் கெட்டிக்காரர்தான். ஆனால் சட்டத்தில் தோட்டப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, தற்காப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல், இவற்றுக்குக் காட்டுகிற தாராளம் புரி போட்ட குழலுக்குக் கிடையாது. அடியில் ஒரு ரைஃபிள் குழல் ஒட்டிக்கொண்டிருந்தால் மொத்தத் துப்பாக்கியும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்படும்.

வேலையிலும் அப்படித்தான். ஒரே மாடு பாலும் கறக்கணும் ஏரும் உழணும் என்றால் இரண்டும் அரைகுறைதான். மூன்று குழலையும் ஒன்றாக வைத்துப் பற்றவைத்திருப்பதால், ரைஃபிள் குழல் சூடேறினால் ஒரு பக்கம் இழுக்கும், அடுத்தடுத்த குண்டு இடம் மாறி விழும். முதல் குண்டுக்கு இதை நம்பலாம். தோட்டாவைத் தட்டும் ஒரு ஊசி உடைந்தால், துப்பாக்கியே பட்டறையில் கிடக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போதும் மூன்றும் சேர்ந்தேதான் போகும்!

கேள்வி: விண்வெளிக்குப் போன ரஷ்யர்கள் மூன்று குழல் துப்பாக்கி கொண்டுபோனார்களாம், நிஜமா ஐயா? – ஓமலூர் கல்லூரி மாணவி

பதில்: நிஜம்தான் அம்மா. 1965இல் லியோனவ், பெல்யாயெவ் என்ற விண்வெளி வீரர்கள் வந்த கலம் குறி தவறி, பனி மூடிய காட்டில் இறங்கிவிட்டது. ஆள் வந்து மீட்கும்வரை ஓநாய், கரடி பயத்தோடு இருந்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் டிபி-82. மேலே இரண்டு வழவழப்புக் குழல், அடியில் ஒரு ரைஃபிள் குழல். அதன் கட்டையைக் கழற்றினால் வெட்டுக்கத்தி. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையும் சாவர் டிரில்லிங்கைப் பெட்டியில் போட்டு விமானிகளுக்குக் கொடுத்தது. வானத்திலிருந்து விழுகிறவனுக்கு என்ன எதிரே வரும் என்று தெரியாது. அவனுக்கு மூன்று குழல் நியாயம்தான்.

கேள்வி: நாட்டுத் துப்பாக்கியில் இன்னொரு குழல் சேர்த்துப் பற்றவைக்க முடியுமா? – கருமந்துறை வாசகர்

பதில்: வேண்டாம். செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். வெடித்தால் போவது உங்கள் கை.

கேள்வி: மலை ஈரத்தில் பழைய துப்பாக்கி துருப்பிடிக்கிறது. அதன் தோல் பெட்டியிலேயே வைத்தால் போதாதா? – ஏற்காடு, இன்னொரு வாசகர்

பதில்: தோல் பெட்டிதான் முதல் எதிரி. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட சரக்கும் இரும்பை அரிக்கும். பெட்டியைத் தனியாக வையுங்கள், துப்பாக்கியைக் காற்றோட்டமான இரும்புப் பீரோவில் பூட்டுங்கள். தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், நாள்பட்டால் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாக. பல குழல் துப்பாக்கியில் குழல்கள் சேரும் பள்ளத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் அங்கே தேய்த்துவிட்டு, வாய்ப்பக்கம் கீழே பார்க்க ஒரு ராத்திரி சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரம் ஊறிப்போகும்.